தறிக்குழியை விட்டுக் கொஞ்சம் வெளியே வாருங்கள்



சென்னைக்குப் போய் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். விடியற்காலையில் மெரினா கடற்கரையில் புருஷனும் பெண்சாதியுமாகக் கைவீசி நடக்கிறார்கள். "அவங்களுக்குக் கடல் இருக்கு, காத்து இருக்கு, நடக்கறாங்க. நமக்கு என்ன இருக்கு?" என்று கேட்பீர்கள். நம் மாவட்டத்தோடும் ஒரு காலத்தில் கோவளமும் மாமல்லபுரமும் சேர்ந்திருந்தன. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கடற்கரை அந்தப் பக்கம் போய்விட்டது. போகட்டும். நடப்பதற்குக் கடல் வேண்டியதில்லை. பிள்ளையார்பாளையத்துத் தெருவும் அய்யம்பேட்டை ஏரிக்கரையும் போதும்.

"நாள் முழுக்கத் தறியிலே உழைக்கிறோமே, இதுக்கு மேலே என்ன நடை?" இது அடுத்த கேள்வி. நெசவு கடினமான உழைப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் எந்த உறுப்பு உழைக்கிறது என்று பாருங்கள். நாடா தள்ளும் கையும் தோளும் உழைக்கின்றன. கண் உழைக்கிறது. குழிக்குள்ளே பாதம் மிதியை மாற்றி மாற்றி அழுத்துகிறது. தொடையும் இடுப்பும் மட்டும் பலகையோடு பலகையாக எட்டு மணி, பத்து மணி நேரம் அசையாமல் கிடக்கின்றன. உடம்பிலேயே பெரிய தசைகள் அவைதான். நாம் சாப்பிடும் சோற்றிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையை இழுத்துச் செலவழிப்பவையும் பெரும்பாலும் அவைதான். அவை சும்மா இருந்தால் சர்க்கரை இரத்தத்திலேயே தங்குகிறது, இடுப்பில் சதை போடுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. குனிந்தே இருப்பதால் முதுகுவலியும் கழுத்துவலியும் வருவதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

லண்டன் மாநகரத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சியை இங்கே சொல்லலாம். அங்கே மாடி பஸ்கள் ஓடின. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதற்காக நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குவார். இருவருக்கும் ஒரே பஸ், ஒரே ஊர். ஜெர்மி மோரிஸ் என்ற டாக்டரும் அவரோடு சேர்ந்தவர்களும் இவர்களில் யாருக்கு மாரடைப்பு அதிகம் என்று கணக்கெடுத்து 1953-இல் வெளியிட்டார்கள். டிரைவர்களுக்குத்தான் அதிகம். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுக்கும் தபால்காரரையும், உட்கார்ந்து எழுதும் குமாஸ்தாவையும் ஒப்பிட்டபோதும் அப்படியே வந்தது. டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே கொஞ்சம் பருமனானவர்கள் என்று பின்னால் அவர்களுடைய சீருடை அளவுகளிலிருந்து தெரிந்தது. ஆகவே எல்லாப் பழியையும் நாற்காலி மேல் போட முடியாது. ஆனாலும் பிற்பாடு பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் உட்கார்ந்தே இருப்பவருக்கு ஆபத்து அதிகம் என்பதையே உறுதி செய்தன. தறியில் இருப்பவர் அந்த டிரைவரைப் போலத்தான். ராட்டையில் தார் சுற்றும் அம்மாவும் அப்படியே.

எவ்வளவு நடக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிவுரைப்படி வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்று வைத்துக்கொள்ளலாம். வேகம் எப்படி என்றால், நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மட்டும் மூச்சு போதக்கூடாது. கடைத்தெருவில் நின்று நின்று போவது இந்தக் கணக்கில் வராது.

"அரை மணி போனா கூலி போகுமே!" கல்யாணப் புடவை ஆர்டர் கையில் இருக்கும்போது இந்தக் கவலை வராமல் இருக்காது. அப்படிப்பட்ட நாட்களில் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிஷம். சாப்பிட்ட கையோடு படுக்காமல் தெருக்கோடி வரை போய் வந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்பதால் இதில் தனி லாபமும் உண்டு. தறியில் இருக்கும்போது அரை மணிக்கு ஒரு தரம் குழியை விட்டு எழுந்திருங்கள். இரண்டு நிமிஷம் போதும். கையை ஊன்றாமல் எழ முயற்சி செய்தால் அதுவே தொடைக்குப் பயிற்சி. எழுந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கி, மெல்லப் பின்பக்கம் வளைந்து, தூரத்தில் ஏதாவது ஒரு மரத்தையோ கோபுரத்தையோ பாருங்கள். ஜரிகையையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கும் ஓய்வு கிடைக்கும்.

இனி வீட்டு அம்மாவின் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆண்பிள்ளை டீக்கடை வரையாவது போய் வருகிறார். அம்மாவோ சமையல், தார் சுற்றல், பிள்ளை என்று நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். தண்ணீர் தூக்குவதும் வாசல் பெருக்குவதும் உடம்புக்கு நல்ல வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அம்மியும் உரலும் போய் மிக்ஸியும் கிரைண்டரும் வந்த பிறகு அந்த உழைப்பு பாதியாகிவிட்டது. "பொம்பளை கைவீசி நடந்தா தெரு சிரிக்கும்" என்று மாமியார் சொல்லலாம். கணவர் கூடவே கிளம்பினால் சிரிப்பு இரண்டு நாளில் அடங்கிவிடும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் முறை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அவர் நடக்கட்டும், சாயங்காலம் இவர். அம்மா திரும்பி வரும்வரை அடுப்பைப் பார்த்துக்கொள்வது ஐயாவின் பொறுப்பு.

கர்ப்பிணிகள் நடக்கலாமா? தாராளமாக. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருந்தால் ஒழிய, நடை நல்லதே செய்யும். கர்ப்ப காலத்தில் வரும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும் உதவும். அப்படிச் சர்க்கரை வந்த தாய்மாருக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வர வாய்ப்பு அதிகம். ஆகவே பிரசவத்துக்குப் பிறகும் நடையை விடக்கூடாது, சர்க்கரைப் பரிசோதனையையும் விடக்கூடாது. உதிரம் பட்டாலும், பனிநீர் கசிந்தாலும், வயிற்றை இழுத்துப் பிடித்தாலும், தலை சுற்றினாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிசேரியன் ஆனவர்கள் எப்போது தொடங்கலாம் என்று செவிலியரைக் கேளுங்கள்.

குடும்பநல ஆபரேஷன் செய்துகொண்டால் தெம்பு போய்விடும், தறியில் உட்கார முடியாது என்று ஒரு பேச்சு இன்னும் நம் பக்கத்தில் இருக்கிறது. அதில் உண்மை இல்லை. ஆண்களுக்கான கத்தியில்லாத வாசக்டமிக்குப் பிறகு இரண்டு நாள் ஓய்வு போதும். பாரம் தூக்குவதையும் சைக்கிள் மிதிப்பதையும் ஒரு வாரம் தள்ளிப்போட வேண்டும். பெண்களுக்கான ஆபரேஷனுக்குப் பிறகும் ஒரு வாரம் குடம் தூக்கக்கூடாது. மெதுவாக நடக்கத் தடையில்லை. ஒரு சிறு கணக்கு: பெண்ணின் ஆபரேஷனைவிட ஆணின் ஆபரேஷன் எளிது. இதை வீட்டில் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

எங்கே நடப்பது? காஞ்சியில் இடத்துக்கா பஞ்சம்? மேற்கே கைலாசநாதர் கோயிலைச் சுற்றி மரமும் புல்வெளியும் இருக்கின்றன. ராஜ வீதிகளில் விடியற்காலை ஐந்தரைக்குக் கூட்டம் இல்லை. ஏகாம்பரநாதர் கோயிலிலிருந்து சின்னக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் வரை ஒருமுறை நடந்தால் அன்றைய கணக்கு தீர்ந்தது, திரும்புவதற்கு பஸ் ஏறலாம். மாட்டுப் பொங்கலன்று அந்தப் பெருமாளே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பழையசீவரத்துக்குப் பார்வேட்டை போகிறார். கூடவே நடப்பவர்கள் உண்டு. வருஷத்தில் ஒரு நாள் இருபது கிலோமீட்டர் நடந்துவிட்டு மற்ற நாளெல்லாம் திண்ணையில் இருந்தால் பிரயோஜனமில்லை. முத்தியால்பேட்டை, வாலாஜாபாத் பக்கத்தார் ஏரிக்கரையிலோ பாலாற்றங்கரையிலோ நடக்கலாம். 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைக் குறித்துக் கொடுத்தது. நம் மாவட்டத்திலும் உண்டு. எட்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பதில்லை.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. அவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கோயில் பிராகாரத்தில் பகல் வெயிலில் காய்ந்த கல்லின் மேல் வெறுங்காலோடு நடந்தால் கொப்பளித்தாலும் தெரியாது. அந்தப் புண் ஆறாமல் விரலை எடுக்க வேண்டி வந்த கதைகள் உண்டு. பிரதட்சிணம் செய்வதானால் கல் சூடேறுவதற்கு முன்பே போய்விடுங்கள். தெருவில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். இரவு படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு வீட்டுக்காரரோ வீட்டுக்காரியோ பார்த்துச் சொல்லலாம். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வேகமாக நடக்கக்கூடாது. மடியில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சு அடைத்தாலோ, இடது தோளுக்கு வலி பரவினாலோ, குப்பென்று வியர்த்தாலோ "வாயுதான், சரியாப் போயிடும்" என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அக்கினி நட்சத்திர நாட்களில் காலை ஏழு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே, பாவு நீட்டும் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கலாம்.

தொடங்குவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருவரும் எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கு வரும்போது அவரிடமும் கேட்கலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். எடை குறையாவிட்டாலும் இடுப்புச் சுற்றளவு ஒரு விரல் குறைந்திருந்தால் நடை வேலை செய்கிறது என்று அர்த்தம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நடக்க ஆரம்பித்துவிட்டோம் என்று தாங்களாகவே மாத்திரையை நிறுத்த வேண்டாம். நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள், குறைப்பதானால் அவர் குறைப்பார்.