தீவின் அடியில் ஓர் உலை

சென்ற மாதம் நம் மன்ற நண்பர்கள் சிலருடன் விழிஞம் கடற்கரைக்குச் சென்றிருந்தேன். 1991ஆம் ஆண்டில் அங்கே கடலலையிலிருந்து மின்சாரம் எடுத்த வரலாற்றை அவர்களுக்குச் சொன்னேன். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் அமைத்த அந்த நிலையத்தின் ஆற்றல் 150 கிலோவாட். அவ்வகை முயற்சிகளில் உலகின் முன்னோடிகளுள் ஒன்றாய் அது இருந்தது. ஆயினும் அது வளரவில்லை, பின்னாளில் நிறுத்தப்பட்டது. இதைக் கேட்ட முதலாண்டு மாணவர் ஒருவர், "அண்ணா, அலை போகட்டும். அந்தமானில் எரிமலை இருக்கிறதே! அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாகாதா?" என்று வினவினார். அன்று தக்க விடை கூற என்னால் இயலவில்லை. பின்னர்ப் படித்தறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

அவர் குறிப்பிட்டது பாரன் தீவு. போர்ட் பிளேர் என்று வழங்கி, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் அது கடல் நடுவே நிற்கிறது. இந்தியாவில் இன்றும் உயிர்ப்புள்ள எரிமலை அஃது ஒன்றே. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பின் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, 1991இல் மீண்டும் சீறியது. அங்கே வெப்பத்திற்குப் பஞ்சமில்லை. ஆனால் வெப்பம் மட்டும் இருந்தால் மின்சாரம் வந்துவிடுமா?

நம் வீட்டில் புட்டு அவிப்பதை எண்ணிப் பாருங்கள். அடுப்பில் எவ்வளவு தீ எரிந்தாலும் குடத்தில் நீர் இல்லையேல் புட்டு வேகாது. நீர் இருந்தும் ஆவி மேலேறக் குழலில் வழி இல்லையேல் அப்போதும் வேகாது. குடத்திற்கும் குழலுக்கும் இடையே துணி சுற்றாமல் விட்டால் ஆவியெல்லாம் வெளியே போய்விடும். பூமியின் வெப்பத்தைப் பயன்படுத்துவதும் இவ்வாறே. அடியில் சூடான பாறை வேண்டும். அதனைச் சூழ்ந்து நீர் வேண்டும். நீர் ஓடிவரப் பாறையில் வெடிப்புகள் வேண்டும். வெப்பம் சிதறாமல் காக்க மேலே இறுகிய மண்படலம் வேண்டும். இந்நான்கும் கூடிய இடத்தில்தான் கிணறு தோண்டிப் பயன்பெற இயலும்.

இந்நான்கும் கூடிய வெப்ப மண்டலத் தீவு ஒன்று உண்டு. நம்மவர்க்கும் அதற்கும் பழைய உறவும் உண்டு. கரிபியன் கடலில் உள்ள குவாதலூப்பு என்னும் பிரெஞ்சுத் தீவே அது. 1854ஆம் ஆண்டு டிசம்பரில் முதற்கப்பல் அங்குச் சேர்ந்தது முதல் 1889 வரை நாற்பதாயிரத்திற்கு மேற்பட்ட இந்தியர், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர் அவருள் மிகப் பலர். அவர்தம் வழிவந்தோர் இன்றும் அங்கே வாழ்கின்றனர்.

அத்தீவின் மேற்குப் பகுதி எரிமலை நிலம். அங்குள்ள சூஃப்ரியேர் மலை 1976இல் ஆவியும் சாம்பலும் கக்கியபோது, எழுபதினாயிரம் பேர் அளவில் வீடு துறந்து மாதக்கணக்கில் வெளியேறி நிற்க நேர்ந்தது. அதே பகுதியின் மேற்குக் கரையில் பூயாந்த் என்றோர் ஊர் உள்ளது. 'கொதிப்பது' என்பதே அப்பெயரின் பொருள். வெந்நீர் ஊற்றுகளைக் கண்ட மக்கள் ஊருக்கே அப்பெயரை இட்டனர். அறிஞர்கள் கருவிகளுடன் வருமுன்னரே ஊர்ப்பெயர் உண்மையைச் சொல்லி வைத்திருந்தது!

1970ஆம் ஆண்டை ஒட்டி அங்கே ஆய்வுக் கிணறுகள் துளைத்தனர். சுமார் 250 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீர் கிடைத்தது. அந்நீரில் பாதிக்குச் சற்று மேற்பட்டது கடல்நீர், எஞ்சியது மழைநீர். இரண்டும் வெடிப்புகளின் வழியே இறங்கி, ஆழத்தில் கலந்து கொதிக்கின்றன. கிணற்றின் வழியாக மேலே வரும்போது அழுத்தம் குறைவதால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆவியாகிறது. அந்த ஆவியே சுழலியைச் சுற்றி மின்சாரம் ஆக்குகிறது. பின்பு ஆவியைக் குளிர்விக்கக் கடல்நீரே துணைசெய்கிறது.

முதல் நிலையம் 1980களின் நடுவில் தொடங்கிற்று. அதன் ஆற்றல் ஐந்து மெகாவாட்டுக்கும் குறைவு. 1992இல் அது நின்றுபோயிற்று. நம் விழிஞம் நிலையத்தின் கதைபோல அதுவும் முடிந்திருக்கலாம். ஆனால் அவர்கள் அதைக் கைவிட்டாரில்லை. பழுது நீக்கி 1996இல் மீண்டும் ஓட்டினர். புதிய கிணறுகளை ஒரு கிலோமீட்டர் ஆழம் வரை துளைத்து, 2005ஆம் ஆண்டளவில் 11 மெகாவாட் ஆற்றலுள்ள இரண்டாம் பிரிவையும் சேர்த்தனர். தீவின் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கு அளவு இங்கிருந்து வந்தது. எண்ணெயைக் கப்பலில் இறக்கி எரிக்கும் தீவுக்கு இது சிறு உதவியன்று. காற்று நின்றாலும் கதிரவன் மறைந்தாலும் இந்த உலை அணைவதில்லை.

குறைகளும் உண்டு. ஆழத்து நீர் உப்பும் கனிமங்களும் கரைந்தது. குழாய்களில் படிந்து அடைக்கும். அழுகிய முட்டை நாற்றமுள்ள கந்தக வாயுவும் உடன் வரும். எடுத்த நீரைத் திரும்ப நிலத்தினுள் செலுத்தாவிடின் ஊற்று தளரும். நம் நாட்டிலேயே இதற்குப் பாடம் உண்டு. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் ஒரு மெகாவாட் சோதனை நிலையம் அமைக்க 2021இல் ஒப்பந்தம் ஆயிற்று. 2022 ஆகஸ்டில் அங்கே துளையிடும்போது ஆழத்து நீர் பீறிட்டுப் பூகா ஓடையில் கலந்தது. ஓடையை நம்பி வாழ்வோர் அஞ்சியது இயல்பே. மண்ணுக்கு அடியில் உள்ளதைத் தொடுமுன் மண்ணின்மேல் வாழ்வோரைக் கேட்க வேண்டும்.

இனி நண்பரின் வினாவுக்கு வருவோம். பாரன் தீவில் மின்சாரம் எடுக்கலாமா? அங்கே மக்கள் குடியில்லை. பயன்படுத்துவார் இல்லாத இடத்தில் ஆக்கிய மின்சாரத்தை 140 கிலோமீட்டர் கடலடிக் கம்பியில் கொண்டுவர வேண்டும். சீறும் மலையின்மேல் கிணறும் எந்திரமும் நிலைக்கமாட்டா. ஆகவே அவ்விடம் தக்கதன்று என்பதே என் விடை. பூகாவைப் போல் வெந்நீர் ஊறும் அமைதியான நிலமே நமக்கு ஏற்றது.

ஆனால் நான் கற்ற பெரிய பாடம் வேறு. பூயாந்த் நான்காண்டு நின்று மீண்டது. விழிஞம் நின்றது நின்றதுதான். இரண்டும் சிறிய தொடக்கங்களே. கடலும் தீயும் இங்கும் அங்கும் ஒன்றுபோல் இருந்தன. வேறுபட்டது, நின்றபின் மீண்டும் தொடங்கிய மனம் ஒன்றே. அடுத்த முறை விழிஞம் செல்லும்போது அந்த மாணவரிடம் இதைச் சொல்வேன். அவர் பொறியியல் பயிலப் போவதாகக் கேள்வி.