ஷிப்டுக்கு வெளியே ஒரு வேலை

கேள்வி: கணவரின் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து ஓசூருக்குக் குடிவந்தோம். பி.காம். படித்தவள். நான்கு வயதில் மகன். அரைநாள் வேலை கிடைக்குமா?

பதில்: சிப்காட் தொழிற்பேட்டையின் பெரிய ஆலைகளில் கிடைப்பது அரிது. அங்கே ஷிப்ட்தான் அளவுகோல். கம்பெனி பஸ்கூட அந்தக் கணக்கில்தான் வந்து போகும். 'பெண்களைத்தானே விரும்பி எடுக்கிறார்கள்?' என்பீர்கள். உண்மைதான். போச்சம்பள்ளி ஓலா மின்ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021-இல் அறிவித்தார்கள். ஆனால், விடுதியில் தங்கி எந்த ஷிப்டுக்கும் வரக்கூடிய இளம்பெண்ணுக்குப் பொருந்தும் வேலை, தாய்க்குப் பொருந்துவதில்லை. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல சட்டம், ஆனாலும் இரவு ஷிப்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டா போவது?

உங்கள் படிப்புக்கு வழி, அந்த ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு பட்டறைகளில் இருக்கிறது. மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி ஒரு கெடு, 20-ஆம் தேதி இன்னொன்று. விற்பனை பில், கொள்முதல் பில், இ-வே பில் மூன்றையும் ஒத்துப்பார்க்க ஆள் தேவை. முழுநேரக் கணக்கரை வைக்கப் பல முதலாளிகளுக்குக் கட்டாது. முதலில் டேலி கற்றுக்கொண்டு, ஊரிலுள்ள ஆடிட்டர் அலுவலகங்களில் கேளுங்கள். பெங்களூரில் சம்பளம் கூடுதல்தானே என்றால், ஆம். ஆனால் வழியிலுள்ள அத்திப்பள்ளி நெரிசலில் போகும் நேரத்தையும் காப்பகக் கட்டணத்தையும் கழித்துப் பாருங்கள். சம்பளம் பேசும்போது மணிக்கணக்கு வேண்டாம், ஒரு பட்டறைக்கு மாதம் இவ்வளவு என்று பேசுங்கள்.