கொல்லைக்கு வால்காக்கை வந்தால்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் குடிபோன தங்கச்சி நேற்று போனில், "அக்கா, தகரத்தைத் தட்டினாப்புல கத்துது, வால் ஒரு முழம் இருக்கு, என்ன குருவி?" என்றாள். வால்காக்கைடி! காக்கைக் குடும்பம்தான். உடம்பு பட்டை நிறம், தலை மட்டும் கறுப்பு. சோறு வைக்கப் போகிறாளாம். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மார்கழிப் பனியில் அதற்குப் பட்டினி எதுவும் இல்லை. குளிர்நாட்டில் இதன் சொந்தக்காரப் பறவைகள் பனி விழுமுன் ஓக் கொட்டையைப் புதைத்து வைத்துக்கொள்ளும். கும்மிடிப்பூண்டியில் மழை விட்டதும் புழு, பூச்சி, ஓணான் எல்லாம் தாராளம். அதனால் நம்முடையது விருந்துதான், கொஞ்சமாக வை.

பழுத்த பப்பாளித் துண்டு, வாழைப்பழம், உப்பில்லாத சோறு ஒரு பிடி போதும். வேர்க்கடலை என்றால் பச்சையாக, உப்புப் போடாதது. பூஞ்சை பிடித்ததைக் குப்பையில் போடு, பறவைக்குப் போடாதே. மிச்ச சாம்பார் சாதம், ஊறுகாய், மிக்சர் கூடவே கூடாது. பொங்கலுக்கு மறுநாள் காக்கைக்குக் கணுப்பிடி வைக்கிற வீட்டில் சிவப்புச் சோற்றுக்குக் குங்குமத்தைக் குழைக்காமல் பீட்ரூட் சாறு விடுங்கள்.

தண்ணீர்தான் முக்கியம். மண்சட்டியில் இரண்டு விரல் ஆழம் போதும். ஃபேக்டரிப் பக்கம் காலையில் கொடித்துணியிலேயே கரிப்பொடி படியும். சட்டி மட்டும் தப்புமா? தினமும் தேங்காய் நாரால் தேய்த்து ஊற்று. ஒரு வாரம் விட்டால் கொசுதான் குஞ்சு பொரிக்கும்.

சோறு வைக்கும் தட்டைத் தலை உயரத்துக்கு மேல், பூனை தாவ முடியாத இடத்தில் வை. சாயங்காலம் சிந்தினதைக் கூட்டிவிடு. எலி வந்தால் பின்னாலேயே பாம்பும் வரும். அப்புறம், கொண்டைக்குருவி கூடு கட்டின செடிப் பக்கம் வைக்காதே. வால்காக்கை முட்டையையும் குஞ்சையும் விடாது. அழகு வேறு, குணம் வேறு!

கரண்ட் கம்பியில் நீலச் சிறகோடு உட்கார்ந்திருக்குமே பனங்காடை, வெள்ளைக்காரன் 'புளூ ஜே' என்று பேர் வைத்தது, அது காக்கை இனமே இல்லை. பூச்சி பிடிக்கிற பறவை. உன் சோற்றைத் திரும்பியும் பார்க்காது. காத்திருந்து ஏமாறாதே.

ஊர்க்காக்கைக் கூட்டம் முந்திக்கொள்ளும். அவர்களுக்கு மாடியில் தனியாக வைத்துவிட்டு, பப்பாளியை முருங்கைக் கிளை இடுக்கில் செருகு. எங்கள் வீட்டில் வால்காக்கை எட்டு நாள் மதில்மேல் இருந்து தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டே போனது. ஒன்பதாம் நாள் கொத்தியது. நான் போனை எடுக்கத் திரும்பினேன், பாதித் துண்டோடு பறந்துவிட்டது.