சகோதரியர் இல்லம்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது பழமொழி. இது கல்விக்கும் பொருந்தும் என்பதை நான் கல்லூரியில் சேர்ந்த நாளில் உணர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்க்கைக் கடிதம் வந்தபோது, என்ன பாடம் என்று என் தந்தையார் கேட்கவில்லை. "எங்கேயம்மா தங்குவாய்?" என்றுதான் கேட்டார். விடுதியில் இடம் உண்டு என்று தெரிந்த பிறகே பணம் கட்டினார்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க மாணவியர் முன்னும் இதே கேள்வி நின்றது. அதற்கு அவர்கள் கண்ட விடைகளுள் ஒன்றுதான் 'சொராரிட்டி' எனப்படும் சகோதரிச் சங்கமும் அதன் இல்லமும். அவ்வில்லத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சங்கம் பிறந்த கதை

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடவர் 1776 முதலே கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட சங்கங்களை அமைத்து வந்தனர். பெண்கள் கல்லூரிக்குள் நுழைந்த பின்னும் அச்சங்கங்களில் அவர்களுக்கு இடமில்லை. எனவே தமக்கெனத் தனிச் சங்கம் காண முற்பட்டனர். இந்தியானா மாநிலத்தில், இன்று டிபா பல்கலைக்கழகம் எனப்படும் கல்லூரி 1867இல்தான் பெண்களைச் சேர்த்தது. அங்குப் பயின்ற பெட்டி லாக் என்ற மாணவி, 1870இல் மூன்று தோழியருடன் 'கப்பா ஆல்பா தீட்டா' சங்கத்தைத் தொடங்கினார்.

அதே 1870இல் நியூயார்க் மாநிலத்தில் தோன்றிய சிராகியூஸ் பல்கலைக்கழகம் தொடக்கத்திலேயே இருபாலாரையும் ஏற்றது. அங்கு 1872இல் பத்து மாணவியர் கூடி 'ஆல்பா பை' சங்கத்தை நிறுவினர். இயற்பியல் மாணவியான நான் ஆல்பாவைக் கதிரின் பெயராக மட்டுமே அறிந்திருந்தேன். அது ஒரு குடும்பத்தின் பெயராகவும் இருந்தது கண்டு வியந்தேன். 1874இல் அங்கேயே 'காமா பை பீட்டா' பிறந்தது. இலத்தீன் மொழியில் 'சோரோர்' என்றால் சகோதரி. அதனடியாகப் பிறந்த 'சொராரிட்டி' என்னும் சொல்லை மாணவியர் சங்கத்துக்குப் பெயராக்கித் தந்தவர் அங்கு இலத்தீன் கற்பித்த பிராங்க் ஸ்மாலி.

முதல் இல்லம்

1886இல் ஆல்பா பை மாணவியர் சிராகியூசில் தமக்கென ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டனர். அமெரிக்காவில் மாணவியர் சங்கம் ஒன்று சொந்தமாகக் கட்டிய முதல் இல்லம் இதுவே. நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1920இல்தான் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். வாக்களிக்க இயலாத பெண்கள், அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்கு உரிமையாளர் ஆனார்கள்!

பின்னர் இத்தகைய இல்லங்கள் பல கல்லூரிகளிலும் எழுந்தன. உறுப்பினர் சந்தா செலுத்துவர். படித்து முடித்த மூத்தோர் பொருளுதவி புரிவர். இல்லத்தைக் கவனிக்க 'ஹவுஸ் மதர்' என்னும் அம்மையார் இருப்பார்.

கதவின் மறுபக்கம்

ஆனால் இல்லத்தில் யாரைச் சேர்ப்பது என்பதை உள்ளே இருப்பவர்களே முடிவு செய்தனர். வெளியே நிற்கும் வேதனையை அறிந்து சங்கம் கண்டவர்கள், நிறத்தையும் சமயத்தையும் பார்த்துப் பிறரை வெளியே நிறுத்தினர். ஆகவே கறுப்பின மாணவியர் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர். வாஷிங்டன் நகரின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908இல் 'ஆல்பா கப்பா ஆல்பா'வும், 1913இல் 'டெல்டா சிக்மா தீட்டா'வும் தோன்றின. டெல்டா மாணவியர் 1913 மார்ச் 3 அன்று நடந்த பெண் வாக்குரிமைப் பேரணியில் பங்கேற்றனர்.

அயோவா பல்கலைக்கழகம் 1855இலேயே பெண்களைச் சேர்த்த அரசு நிறுவனம். ஆயினும் அதன் விடுதிகளில் கறுப்பின மாணவியர் தங்க இயலவில்லை. 1919இல் அம்மாநிலக் கறுப்பின மகளிர் மன்றங்களின் கூட்டமைப்பு அயோவா சிட்டியில் ஒரு வீட்டை விலைக்கு வாங்கி, அம்மாணவியருக்கு அடைக்கலம் தந்தது. பல்கலைக்கழக விடுதி அவர்களுக்குத் திறந்தது 1946இல்தான்.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். அலபாமா பல்கலைக்கழகத்தில் தகுதியிருந்தும் கறுப்பின மாணவி ஒருவர் சங்கங்களால் ஒதுக்கப்பட்டதை 2013 செப்டம்பரில் மாணவர் இதழே வெளிக்கொணர்ந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே கறுப்பின மாணவியர் சிலருக்குக் கதவு திறந்தது.

நிறைவாக

இதை எழுதும்போது என் மனம் உறுத்துகிறது. இவ்வாண்டுத் தொடக்கத்தில் எங்கள் விடுதி அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. தகரப் பெட்டியுடன் முதலாண்டு மாணவி ஒருத்தி வந்தாள். "எங்கள் ஊர்ப் பெண் வருகிறாள், இடமில்லை" என்று நாங்கள் மூவரும் சொல்லிவிட்டோம். வராந்தாவில் அவள் தந்தை தாழ்ந்த குரலில் கேட்டது என் காதில் விழுந்தது: "எங்கேயம்மா தங்குவாய்?" ஒரு வாரம் அவள் தொலைக்காட்சிக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாள். நாங்கள் சொன்ன ஊர்ப் பெண் வரவே இல்லை.

சிராகியூஸ் மாணவியரின் துணிவைப் படித்து மகிழ்ந்த நான், அலபாமா மாணவியரின் செயலில் என்னையே கண்டேன். அன்று மாலையே தோழியரிடம் பேசி, அவளை அழைத்து வந்தோம். இன்று எங்கள் அறையில் நால்வர் இருக்கிறோம். கணக்கில் அவளே எங்களுக்கு ஆசான்.

தனக்கென ஓர் இடம் கிடைத்தவர், வாசலில் நிற்கும் அடுத்தவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சகோதரியர் இல்லத்தின் வரலாறு எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.