முள் சொல்வது மெய்யா?

கார் ஓடிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் அழுத்தமானியின் முள் திடீரெனச் சுழிக்கு இறங்கிவிடுகிறது. எஞ்சின் சத்தத்தில் எந்த மாறுதலும் இல்லை. என்ன செய்ய வேண்டும்?

முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும், ஆராய்ச்சியெல்லாம் பிறகுதான். சுழலும் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. எண்ணெய் அழுத்தத்துடன் வராவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசி, சில நிமிடங்களிலேயே பேரிங்குகள் பாழாகிவிடும். ஆனால் பொய் சொன்னது முள்ளாகவும் இருக்கலாம் அல்லவா? அப்படியானால் நல்ல எஞ்சினைப் பிரித்துப் போடுவது வீண் செலவு.

1980-களில் ஜெர்மனியில் தயாரான போர்ஷே 911 காரை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சின் பின்புறத்தில் உள்ளது; மானியோ ஓட்டுநருக்கு எதிரே. எண்ணெய் அவ்வளவு தூரம் வருவதில்லை. எஞ்சினில் திருகப்பட்ட ஓர் உணரி, ஒரே ஒரு கம்பி வழியாகச் செய்தி அனுப்புகிறது. மெக்கானிக்குகள் இதை ‘சென்டர்’ என்பார்கள்.

உணரிக்குள் ஒரு மெல்லிய உலோகத் தகடு. எண்ணெய் அதை அழுத்தும்போது ஒரு நெம்புகோல் நகர்ந்து, மின்தடைக் கம்பிச் சுருளின்மேல் ஒரு தொடுமுனையை இழுத்துச் செல்கிறது. அழுத்தம் இல்லாதபோது தடை ஏறத்தாழ 10 ஓம். 5 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 180 ஓம். (ஒரு பார் என்பது சுமாராக ஒரு வளிமண்டல அழுத்தம்.) ஆக, மானி உண்மையில் அளப்பது அழுத்தத்தை அல்ல, மின்தடையை! நோயறியும் வழி முழுவதும் இதிலிருந்தே கிடைக்கிறது.

எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, உணரியிலிருந்து கம்பியைக் கழற்றுங்கள். சுற்று அறுந்தால் தடை எல்லையற்றது. ஆகவே முள் உச்சிக்குப் போக வேண்டும். கம்பியின் நுனியை எஞ்சின் உலோகத்தில் தொட்டால் தடை ஏறத்தாழ இல்லை. முள் சுழிக்கு வர வேண்டும். இடையில் 100 ஓம் தடை ஒன்றை வைத்தால் முள் நடுப்பகுதியில் நிற்கும். மூன்றும் சரியாக இருந்தால் மானியும் கம்பியும் குற்றமற்றவை.

அடுத்து, கம்பியை இணைக்காமலே மல்டிமீட்டரால் உணரியின் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே தடையை அளவுங்கள். 10 ஓம் அளவில் இல்லாமல் எல்லையற்றதாகக் காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது. உடலோடு அளக்கும்போது சரியாகவும், பேட்டரியின் எதிர்முனையோடு அளக்கும்போது தவறாகவும் இருந்தால் எர்த் சரியில்லை. மரையில் தாராளமாகச் சுற்றிய கசிவுதடுப்பு நாடாவே சில வேளைகளில் இதற்குக் காரணம். முள் ஒரே இடத்தில் மட்டும் துள்ளினால், தொடுமுனை உரசி உரசி அங்கே சுருள் தேய்ந்திருக்கக்கூடும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இந்த ஏற்பாட்டில் கம்பி எங்கேனும் உரசி உடலைத் தொட்டால் முள் சுழியைக் காட்டும். ஓட்டுநர் பதறி நிறுத்துவார், தீங்கில்லை. கம்பி அறுந்தாலோ முள் உச்சியில் நிற்கும். எண்ணெயே இல்லாதபோதும் அங்கேயே நிற்கும்! என் எண்ணத்தில் இதுதான் அபாயமான பொய். இதற்காகவே தனியாக ஓர் எச்சரிக்கை விளக்கும் வைத்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் அது எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லையென்றால் விளக்கையும் சோதிக்க வேண்டியதுதான்.

உணரி பழுது என்று தெரிந்தாலும் எண்ணெய் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. எஞ்சினை நிறுத்திவிட்டு உணரியைக் கழற்றி, அந்த இடத்தில் மின்சாரம் வேண்டாத போர்டான் குழாய் மானியைப் பொருத்திப் பார்க்க வேண்டும். வளைந்த குழாய்க்குள் அழுத்தம் ஏறினால் அது நிமிர முயலும். அந்த அசைவே முள்ளைத் திருப்பும். யூஜின் போர்டான் 1849-இல் பிரான்சில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இதுவும் சுழியைக் காட்டினால் குற்றம் உணரியில் இல்லை, எஞ்சினில்தான்.

புதிய உணரி வாங்கும்போதும் விழிப்பு வேண்டும். 10 பார் வரை அளக்கும் உணரியை 5 பார் மானியோடு இணைத்தால், உண்மை அழுத்தம் 4 பாராக இருக்கும்போது முள் ஏறத்தாழ 2 என்றே காட்டும். அமெரிக்க மானிகளுக்கான 240 முதல் 33 ஓம் வரையிலான உணரியோ நேர் எதிரானது: அதைப் பொருத்தினால், நிறுத்திய எஞ்சினிலும் முள் உச்சியில் நிற்கும்.