மாயக்கதை எழுத, புத்தகமாக்க: பயனுள்ள 17 குறிப்புகள்

பறக்கும் குதிரையைக் கற்பனை செய்ய ஒரு நொடி போதும். அது பறக்கிறது என்று வாசகரை நம்பவைக்கப் பல மாத உழைப்பு வேண்டும். ஃபேன்டஸி எழுதுகிறவரின் வேலை முழுவதும் அந்த நம்பிக்கையைச் சம்பாதிப்பதும், கடைசிப் பக்கம் வரை அதைக் காப்பாற்றுவதும்தான். கதைக்குள் ஒரு விதி தவறினாலும் அது போய்விடும். அச்சில் நாயகியின் பெயர் இரண்டு விதமாக வந்தாலும் போய்விடும். எழுத்திலும் பதிப்பிலும் அதைக் காக்க உதவும் குறிப்புகள் இவை.

எழுதத் தொடங்கும் முன்

1. மாயத்துக்கு எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் அமுதசுரபி என்ற உணவுப் பாத்திரத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, வைகாசி முழுநிலவு நாளில்தான் அது கோமுகிப் பொய்கையில் மேலே வரும். ஆதிரை கையால் முதல் பிச்சை பெற்ற பிறகே மணிமேகலை அதைக் கொண்டு ஊருக்கு உணவிடுகிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, உண்பதற்கு ஆள் வேண்டும். மணிமேகலைக்கு முன் அதை வைத்திருந்த ஆபுத்திரன், ஆளில்லாத மணிபல்லவத் தீவில் சிக்கியபோது, தான் மட்டும் உண்ண மனமின்றி அந்தப் பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு, பட்டினி கிடந்து உயிர் விடுகிறான். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கையில் இருந்தும் ஒருவன் பசியால் சாகிறான். அந்த இடம்தான் நம்மை உலுக்குகிறது. உங்கள் மாயத்தால் எது முடியாது, எப்போது முடியாது என்று ஒரு தாளில் எழுதி, எழுதும் மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள்.

2. ஒவ்வொரு மந்திரத்துக்கும் விலை வையுங்கள். அதே காப்பியத்தில் மணிமேகலை, தன்னை விரும்பித் தொடரும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்பிக்க மந்திரத்தால் காயசண்டிகையின் உருவம் எடுக்கிறாள். அவளைத் தன் மனைவி என்றே நம்பிய காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், பின்தொடர்ந்து வந்த உதயகுமரனை வாளால் வெட்டிவிடுகிறான். காப்பாற்ற வந்த மந்திரமே கொலையில் முடிகிறது. உங்கள் கதையில் மந்திரம் வரும் ஒவ்வோர் இடத்திலும் யார் எதை இழந்தார் என்று கேளுங்கள். யாரும் எதையும் இழக்கவில்லை என்றால் அந்தக் காட்சியைத் திரும்ப எழுதுங்கள்.

3. விதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் விக்கிரமாதித்தனின் தலை வெடித்துவிடும். வாய் திறந்தால் வேதாளம் முருங்கை மரத்துக்கே திரும்பிவிடும். இரண்டும் நமக்கு முதலிலேயே தெரியும் என்பதால்தான் ஒவ்வொரு கதையின் முடிவிலும் மனம் பதறுகிறது. அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007இல் எழுதிய கட்டுரையில் இதையே ஒரு விதியாக வகுத்தார்: வாசகர் ஒரு மாயத்தை எந்த அளவுக்குப் புரிந்துகொண்டிருக்கிறாரோ, அந்த அளவுக்குத்தான் அதைக் கொண்டு சிக்கலைத் தீர்க்கலாம். பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய எழுத்து வகுப்புகள் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. நேரம் ஒதுக்கிப் பாருங்கள்.

4. வரைபடம் போடுங்கள். ஓவியம் வர வேண்டியதில்லை. ஆறு, மலை, ஊர், இடைப்பட்ட தூரம் இருந்தால் போதும். உர்சுலா லெ குவின் 'எர்த்சீ' தீவுகளை வரைந்துகொண்டுதான் கதைக்குள் போனார். நடந்து போகிறவர் நாளுக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் கடப்பார். இந்தக் கணக்கை வைத்துப் பயண நாள்களைச் சரிபாருங்கள்.

5. காலக்கணக்கைத் தீர்மானியுங்கள். கடிகாரமே இல்லாத நாட்டில் 'ஐந்து நிமிடம்' என்று ஒருவர் சொன்னால் அந்த உலகம் கலைந்துவிடும். நமக்கு நாழிகையும் சாமமும் இருக்கின்றன. ஒரு நாழிகை 24 நிமிடம்; 60 நாழிகை ஒரு நாள்; ஒரு சாமம் மூன்று மணி நேரம். நிலவின் வளர்பிறை, தேய்பிறையையும் குறித்துக்கொள்ளுங்கள். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதும்போது டோல்கீன் அதைக்கூடச் சரிபார்த்தார்.

6. பெயர்களை வேற்றுமை உருபு சேர்த்துச் சோதியுங்கள். -ஐ, -ஆல், -க்கு, -இன் எல்லாம் தடங்கலின்றி ஒட்டினால்தான் அந்தப் பெயரை நானூறு பக்கம் இழுத்துச் செல்ல முடியும். தமிழ் மரபில் ட, ர, ல ஆகிய எழுத்துகளில் சொல் தொடங்குவதில்லை. வேற்று நிலத்து மக்களுக்கு அந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர்களை வைத்தால், விளக்காமலே அயல்தன்மை வந்துவிடும். முக்கியப் பாத்திரங்கள் இருவருக்கு ஒரே முதலெழுத்து வேண்டாம்.

எழுதும்போது

7. மாயத்தைச் சுற்றி அன்றாடத்தைத் துல்லியமாக வையுங்கள். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் வந்து நிற்பது சென்னை பிராட்வே முனையில். பிள்ளையோடு ஹோட்டலுக்குப் போய்க் காப்பி குடிக்கிறார். தெருவும் காப்பியும் அத்தனை நிஜமாக இருப்பதால் கடவுளையும் ஏற்றுக்கொள்கிறோம். உங்கள் யாளிக்கு என்ன தீனி, அதன் கொட்டகையை யார் கூட்டுகிறார்கள் என்று யோசியுங்கள்.

8. முதல் அத்தியாயத்தில் நாட்டு வரலாற்றைக் கொட்டாதீர்கள். ஒரு பாத்திரத்துக்கு அவசரமான தேவை ஒன்றைக் கொடுங்கள். அவள் அதைத் தேடி ஓடும் வழியில் உலகம் தானாகத் தெரியவரும்.

9. பேச்சு நடையை முதலிலேயே முடிவு செய்யுங்கள். செந்தமிழா, வட்டார வழக்கா, பொதுவான எளிய தமிழா? எதுவானாலும் சரி, இடையில் மாறக் கூடாது. மலைவாசிகளும் அரண்மனைக்காரர்களும் வேறு வேறு விதமாகப் பேசட்டும். ஆனால் ஒவ்வொருவரும் கடைசிவரை அவரவர் மாதிரியே பேச வேண்டும்.

10. நாவலுக்கு முன் அதே உலகத்தில் சில சிறுகதைகள் எழுதுங்கள். விதிகள் தாங்குகின்றனவா என்று தெரிந்துவிடும்.

திருத்தும்போது

11. தனியாக ஒரு குறிப்பேடு வையுங்கள். பெயர்களின் எழுத்துக்கூட்டல், வயது, தழும்பு எந்தக் கையில், எந்த மந்திரம் எந்த அத்தியாயத்தில் என்று எல்லாம் அதில் ஏறட்டும். இரண்டாம் பாகம் எழுதும்போது இதன் அருமை தெரியும்.

12. உங்களைப் பாராட்ட வேண்டிய கட்டாயம் இல்லாத மூன்று பேரிடம் படிக்கக் கொடுங்கள். 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். 'எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள்? எந்த இடத்தில் நம்ப முடியவில்லை?' என்று கேளுங்கள். சிறுவர் கதை என்றால் அந்த வயதுப் பிள்ளைகளிடமே கொடுங்கள்.

13. முழுவதையும் ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் வரியில் வாசகரும் தடுக்குவார். பிறகு மெய்ப்புத் திருத்துநர் ஒருவரிடம் கொடுத்து ஒற்றுப்பிழைகளைக் களையுங்கள். கோப்பு யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றினால் எழுத்துகள் சிதைந்திருக்கின்றனவா என்று வரி வரியாகப் பாருங்கள்.

வெளியிடும்போது

14. பதிப்பாளரின் நூற்பட்டியலைப் படித்த பிறகே கைப்பிரதியை அனுப்புங்கள். ஒரு பக்கக் கதைச் சுருக்கமும் முதல் மூன்று அத்தியாயங்களும் முதல் பார்வைக்குப் போதும். சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிடுங்கள். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி ஏராளமான தமிழ் நூல்கள் வருகின்றன. ஆண்டுக் கடைசியில் பதிப்பகங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆண்டின் நடுப்பகுதியிலேயே அனுப்பிவிடுங்கள்.

15. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்தப் பகுதிக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் தனித்தனி உரிமைகள்; 'அனைத்து உரிமைகளும்' என்ற ஒற்றை வரியில் கையெழுத்திடாதீர்கள். எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயமில்லை. அது உங்கள் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுக்கும் நிற்கும். பிறர் எழுத்துக்கும் இதே பாதுகாப்பு உண்டு. பாட்டி சொன்ன பழங்கதையை நீங்கள் தாராளமாக எடுத்தாளலாம். ஆனால் அதை இன்னொருவர் சமீபத்தில் எழுதியிருந்தால், அவர் எழுதிய வாசகங்களை எடுக்கக் கூடாது.

16. அச்சுச் செலவை நீங்களே ஏற்க வேண்டும் என்று ஒரு பதிப்பகம் கேட்டால், அது நூலை விற்று உங்களுக்கு ராயல்டி தரும் ஏற்பாடு அல்ல, உங்களுக்குச் சேவையை விற்கும் ஏற்பாடு என்று புரிந்துகொள்ளுங்கள். எத்தனை பிரதி அச்சாகும், எத்தனை உங்கள் கைக்கு வரும், மீதியை யார் விற்பார்கள், உரிமை யாரிடம் இருக்கும் என்று எழுதி வாங்குங்கள்.

17. சொந்தமாக வெளியிடுவதானால் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் வேண்டும். கிண்டிலில் 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும் வெளியிட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அச்சு நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இதைத் தவறாமல் செய்யுங்கள். கடைகளில் விற்றுத் தீர்ந்த பிறகும் உங்கள் உலகத்தைத் தேடி வரும் வாசகருக்கு அங்கே ஒரு பிரதி கிடைக்கும்.