விருந்துவழங்கியினுள் வாழும் பற்றீரியாக்களின் கூர்ப்பு

பயற்றைக் கொடியின் இளந்தளிர்களில் அழுக்கணவன் கூட்டமாக மொய்த்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். உரியச் சாறே இப்பூச்சியின் உணவு. அச்சாற்றில் வெல்லம் மிகுதி. விலங்குகளால் தொகுக்க முடியாத அத்தியாவசிய அமினோ அமிலங்களோ மிகக் குறைவு. அப்படியாயின் அழுக்கணவன் தனக்குரிய புரதத்தை எவ்வாறு ஆக்குகின்றது? அதன் உடலிலுள்ள சிறப்பான கலங்களினுள் வாழும் புக்னெரா எனும் பற்றீரியாவே அவ்வமினோ அமிலங்களைத் தொகுத்து வழங்குகின்றது.

இவ்விரண்டும் பிரிந்து வாழமாட்டா. தாயின் உடலினுள்ளேயே பற்றீரியா முட்டைக்கு அல்லது முளையத்துக்குக் கடத்தப்படுகின்றது. இவ்வொன்றியவாழ்வு 15 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என மதிப்பிடப்படுகின்றது.

பட்டாணி அழுக்கணவனிலுள்ள புக்னெராவின் முழு டீ.என்.ஏ. ஒழுங்கும் 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. நிறமூர்த்தத்தில் ஏறத்தாழ 640,000 மூலச்சோடிகளும் 600 அளவிலான பரம்பரையலகுகளுமே காணப்பட்டன. இதன் உறவினமும் சுயாதீனமாக வாழக்கூடியதுமான ஈ.கோலையில் ஏறத்தாழ 46 இலட்சம் மூலச்சோடிகளும் 4,000க்கு மேற்பட்ட பரம்பரையலகுகளும் உள்ளன. கூர்ப்பு என்றால் எப்போதும் சிக்கற்றன்மை கூடுதல் என எண்ணுவோர் இதனைக் கவனிக்க.

இவ்விழப்பை விளக்கும்போதே மாணவர் பலர் புள்ளிகளைத் தவறவிடுகின்றனர். "பயன்படுத்தாமையால் பரம்பரையலகுகள் மறைந்தன" என எழுதுவது லாமார்க்கின் பக்கம் சாய்வதாகும். பயன்படாமை எந்த டீ.என்.ஏ.யையும் நேரடியாக அழிப்பதில்லை.

விகாரங்கள் எழுமாறாகவே தோன்றுகின்றன. சுயாதீனமாக வாழும் பற்றீரியாவில் முக்கியமான பரம்பரையலகு ஒன்று பழுதுற்றால் அக்கலம் போட்டியில் தோற்று அழியும். விருந்துவழங்கியின் கலத்தினுள் உணவும் பாதுகாப்பும் கிடைப்பதால் பழுதுற்றதும் பிழைக்கின்றது. அதாவது அப்பரம்பரையலகின் மீது இயற்கைத் தேர்வு தளர்ந்துவிடுகின்றது. பற்றீரியாக்களில் டீ.என்.ஏ. துண்டுகள் சேர்வதிலும் நீங்குவதே அதிகம் ஆகையால், பழுதுற்ற பகுதி காலப்போக்கில் இல்லாமற் போகின்றது. அத்துடன் ஒவ்வொரு சந்ததிக்கும் மிகச் சிறிய பற்றீரியாக் குடித்தொகையே கடத்தப்படுகின்றது. சிறிய குடித்தொகையில், ஓரளவு தீங்கான விகாரங்கூடத் தற்செயலாக நிலைபெற்றுவிடும் (பிறப்புரிமை நகர்வு). வெளியிலுள்ள பற்றீரியாக்களுடன் தொடர்பில்லாததால் இணைதல் போன்ற வழிகளில் இழந்ததை மீளப் பெறவும் இயலாது. டீ.என்.ஏ.யைச் சீர்செய்யும் பரம்பரையலகுகள் சிலவும் இழக்கப்பட்டமை நிலைமையை மேலும் மோசமாக்கியது.

ஆயினும் அத்தியாவசிய அமினோ அமிலத் தொகுப்புக்குரிய பரம்பரையலகுகள் பெரும்பாலும் எஞ்சியுள்ளன. அவை பழுதுற்றால் விருந்துவழங்கி நலிவுறும். அதனுடன் பற்றீரியாவும் அழியும். அழுக்கணவன் தானே ஆக்கக்கூடிய அமினோ அமிலங்களுக்குரியவையோ பெரும்பாலும் இல்லை. எதை வைத்திருப்பது என்பதை இங்கு தீர்மானித்தது விருந்துவழங்கியின் பிழைப்பே.

இச்சார்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை 2007இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வெப்பத்தைத் தாங்க உதவும் புரதமொன்றின் ஆக்கத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியில், புக்னெராவின் ஒரேயொரு மூலம் நீங்கியிருந்தது. அவ்விகாரமுடைய பற்றீரியாவைக் கொண்ட அழுக்கணவன்கள் இளமையில் உயர் வெப்பத்துக்கு உட்பட்டபின் மிகச் சில குஞ்சுகளையே ஈன்றன அல்லது ஈனவேயில்லை. குளிர்ந்த நிலைமையிலோ அவை பிறவற்றைவிடக் கூடுதலாகப் பெருகின. ஒரே விகாரம் சூழலுக்கேற்ப நன்மையாகவும் தீமையாகவும் அமையலாம் என்பதற்கு இதனை உதாரணமாக எழுதலாம்.

பயிற்சி வினா: புக்னெராவில் கலச்சுவர்ப் படைகளின் ஆக்கத்துக்குரிய பரம்பரையலகுகள் பல இழக்கப்பட்டிருக்க, அத்தியாவசிய அமினோ அமிலத் தொகுப்புக்குரியவை எஞ்சியிருப்பது ஏன்? "தேர்வு", "நகர்வு" ஆகிய இரு பதங்களையும் பயன்படுத்தி விளக்குக.